பார்வை இழந்தவர் எழுதிய பச்சிலை நூல்



ஹேவாஹெட்டப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் கராம்பு மரம் நிற்பதைக் காண்கிறீர்கள். மொட்டைப் பறித்துப் பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தும்போது அதன் வாசனை வீட்டுக்குள்ளும் வந்துவிடும். ஆனால் இம்மரம் நம் நாட்டுக்குரியதன்று. கிழக்கே, இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்காஸ் தீவுகளே அதன் தாயகம். அத்தீவுகளுள் ஒன்று அம்போன். பார்வையை இழந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே மரஞ்செடி கொடிகளை ஆராய்ந்த ஜோர்ஜ் எபர்ஹார்ட் ரும்பியஸ் என்பவரின் வரலாற்றை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் 1627ஆம் ஆண்டு ஜேர்மனியில் பிறந்தவர். இளமையில் வெனிஸ் நகரின் படையில் சேர்வதாக எண்ணிக் கப்பலேறினார். கப்பலோ பிரேசிலுக்குப் போவதற்கென ஆள் சேர்த்த கப்பல். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்ததோ போர்த்துக்கல் நாட்டில்! வீடு திரும்பியவருக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. 1652இன் இறுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் போர்வீரராகப் புறப்பட்டு, பத்தாவியா வழியாக அம்போன் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வாளை வைத்துவிட்டு வணிகப் பிரிவுக்கு மாறினார்.

ஒல்லாந்தக் கம்பனி என்றவுடன், புனித ஜோசப் வாஸ் அடிகளார் வேடமிட்டு ஒளிந்து திரிந்த காலம் நம் கத்தோலிக்க மக்களுக்கு நினைவுக்கு வரும். அது நியாயமே. அக்கம்பனியின் கணக்கேடுகளுக்கிடையே இப்படியும் ஒரு மனிதர் இருந்தார் என்பதையும் நாம் அறிந்துகொள்வது நல்லது.

பகலில் கம்பனி வேலை. ஓய்வு கிடைத்த போதெல்லாம் காடு, கடற்கரை. ஊர் மக்களிடம் கேட்டுக் கேட்டு, இலையின் பெயர், எந்த நோய்க்கு எந்த வேர், எந்தக் காய் நஞ்சு என்றெல்லாம் எழுதி வைத்தார். அவருடைய மனைவி சுசன்னாவும் இவ்வேலையில் துணை நின்றார். படித்த ஐரோப்பியர் பலர் தீவு மக்களின் அறிவை மதியாத காலத்தில், அவர்களையே ஆசிரியராகக் கொண்டது இவருடைய தனிச்சிறப்பு என்பேன்.

1670இல், நாற்பத்திரண்டு வயதில், இரு கண்களும் இருண்டன. கிளுக்கோமா என்னும் கண்நோய் என்று இன்று கருதுகிறார்கள். பூவின் நிறத்தையும் இலையின் நரம்பையும் பார்த்து எழுதவேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன? அப்போது பத்தாவியாவில் தலைமை ஆளுநராக இருந்தவர் மாட்சூய்க்கர். முன்னர் இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்தவரும் இவரே. ரும்பியஸின் ஆராய்ச்சிக்கு ஆதரவளித்தவர். கம்பனி ரும்பியஸை வேலையிலிருந்து நீக்கவில்லை, சம்பளமும் தொடர்ந்தது. பின்னர் எழுதுவதற்கும் படம் வரைவதற்கும் உதவியாளரும் கிடைத்தனர்.

அவர் வேலை செய்த முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொண்டுவந்த கொப்பைக் கையால் தடவுவார். கசக்கி முகர்வார், வாயிலிட்டுச் சுவை அறிவார். நிறத்தையும் வடிவையும் பக்கத்திலிருப்பவர் சொல்லவேண்டும். முன்பு கண்ணால் கண்டவற்றை நினைவிலிருந்து எடுத்து அதனோடு சேர்த்துச் சொல்ல, எழுத்தர் எழுதுவார். நூலை முதலில் லத்தீனில் தொடங்கியிருந்தார். உதவியாளருக்கு லத்தீன் தெரியாது. எனவே எழுதியதை ஒதுக்கிவிட்டு, ஒல்லாந்த மொழியில் அடியிலிருந்து மீண்டும் தொடங்கினார்! எழுதிப் பழகியவர்களுக்கே அந்த வேதனை புரியும்.

துன்பம் அத்துடன் விடவில்லை. 1674 பெப்ரவரி 17ஆம் திகதி மாலை, சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் நடந்த நேரத்தில், அம்போனைப் பெரும் பூமியதிர்ச்சி உலுக்கியது. சுவர் இடிந்து சுசன்னாவும் மகளும் மாண்டார்கள். கடல் பொங்கி வடகரைக் கிராமங்களை வாரிக்கொண்டு போனது. இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரும்பியஸ் அந்த அழிவையும் ஊர் ஊராக எழுதுவித்தார். இந்தோனேசியத் தீவுகளின் ஆழிப்பேரலை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான குறிப்பு அதுவே.

1687 சனவரியில் நகரில் தீப்பற்றியது. ஜோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் கரையிறங்கிய ஆண்டும் அதுவே. ரும்பியஸின் நூலகமும், கையெழுத்துப் படிகள் பலவும், பார்வை இருந்த நாளில் அவர் தம் கையாலேயே வரைந்திருந்த படங்களும் சாம்பலாயின. சொற்களை மீண்டும் சொல்லலாம். படங்களை என்ன செய்வது? மகன் பவுல் அவுகுஸ்துவும் பிற ஓவியர்களும் மறுபடி வரைந்தனர்.

ஒருவாறு 1690இல் நூலின் முதற் பகுதி பத்தாவியாவுக்குப் போனது. 1692இல் அதை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் மூழ்கடித்தனர். நல்ல வேளையாக, தலைமை ஆளுநராயிருந்த கம்பூய்ஸ் தாவரங்களில் பற்றுள்ளவர். கப்பலில் ஏற்றுமுன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதனால் மட்டுமே நூல் பிழைத்தது. 1695இல் வேறு படங்கள் சில களவுபோயின. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. எஞ்சிய பகுதிகளையும் முடித்து அனுப்பினார்.

ஆனால் கம்பனி அச்சிட மறுத்தது. வாசனைத் திரவிய வாணிபத்தின் இரகசியம் பிறருக்குத் தெரிந்துவிடுமாம்! 1702 ஜூன் 15ஆம் திகதி ரும்பியஸ் அம்போனில் இறந்தபோது, அவருடைய பெரு நூலின் ஒரு பக்கமேனும் அச்சேறியிருக்கவில்லை. 1741 முதல் 1750 வரை அம்ஸ்டர்டாமில் அதை ஆறு பாகங்களாக வெளியிட்டவர் யொகான்னஸ் பர்மன். 1737இல் நம் இலங்கையின் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டவரும் அவரே. சுமார் 1,200 தாவரங்கள் ரும்பியஸின் நூலில் விவரிக்கப்பட்டுள்ளன. கராம்பும் சாதிக்காயும் அவற்றுள் அடங்கும்.

அந்நூலில் ஒரு வெள்ளை ஓர்க்கிட் மலரும் உண்டு. கண் தெரிந்த காலத்தில் அதை அவருக்கு முதலில் காட்டியவர் சுசன்னா. மனைவி மறைந்த பின், அம்மலருக்கு அவர் பெயரையே சூட்டினார். பின்வந்த லின்னேயஸும் அப்பெயரை மாற்றவில்லை. இன்றும் தாவரவியல் ஏடுகளில் அது சுசன்னாவின் பெயராலேயே வழங்குகிறது.