அணு மின்சாரத்துக்கு வித்திட்ட டாக்டர் ஹோமி பாபா

ஜாம்ஷெட்பூர் இரும்பாலைக்கு என்றே வளர்க்கப்பட்ட பிள்ளை ஹோமி பாபா. 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி பம்பாயில் ஒரு வசதியான பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர். அத்தையின் கணவர் சர் தொராப்ஜி டாட்டா. படிப்பை முடித்துவிட்டு வந்தால் இரும்பாலையில் நாற்காலி தயார். அதற்காகவே 1927-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பி எந்திரப் பொறியியல் படிக்க வைத்தார்கள்.

பையனின் மனமோ பௌதிகத்தில் இருந்தது. தந்தைக்குக் கடிதம் எழுதினார். தந்தை மறுக்கவில்லை; ஒரு நிபந்தனை போட்டார். எஞ்சினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கினால் அதற்கு மேல் கணிதம் படிக்கப் பணம் அனுப்புவதாகச் சொன்னார். 1930-ல் முதல் வகுப்பு வந்தது. 1932-ல் கணிதத்திலும் தேறினார். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவது பற்றி அவர் 1935-ல் போட்ட கணக்கு இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

1939-ல் விடுமுறைக்காக ஊர் வந்தார். வந்த இடத்தில் யுத்தம் மூண்டது; திரும்ப முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறையை நடத்தியவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். 1941-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி பாபாவைத் தேடி வந்தது. அப்போது வயது 31.

அணுகுண்டுக்கு முன்பே ஒரு கடிதம்

1944-ம் ஆண்டு மார்ச் மாதம் டாட்டா டிரஸ்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பௌதிக ஆராய்ச்சிக்கு ஒரு கழகம் வேண்டும், இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டின் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழ அப்போது இன்னும் பதினேழு மாதங்கள் இருந்தன! டிரஸ்ட் பணம் தந்தது. 1945-ல் பெங்களூரில் தொடங்கிய டாட்டா ஆராய்ச்சிக் கழகம் அந்த ஆண்டிலேயே பம்பாய்க்கு வந்து, பெட்டர் ரோட்டில் அத்தையின் பங்களாவில் இயங்கியது. கொலாபாவில் கடலோரமாக நிற்கும் இப்போதைய கட்டடத்தை நேரு திறந்து வைத்தது 1962-ல்.

சுதந்திரம் வந்த மறு ஆண்டே அணுசக்திச் சட்டம் வந்தது. அணுசக்திக் கமிஷனுக்கு பாபா தலைவர். மற்ற இரு உறுப்பினர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரரான டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன், இன்னொருவர் பட்நாகர்.

அந்தச் சட்டத்தில் இரகசியத்துக்கே முதலிடம். இங்கிலாந்தின் சட்டத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லையே, அமைதிப் பணிக்கு எதற்கு இந்த மறைப்பு என்று அரசியல் நிர்ணய சபையில் ஓர் உறுப்பினர் கேட்டார். அமைதிப் பணியையும் யுத்தப் பணியையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்கே தெரியவில்லை என நேரு ஒப்புக்கொண்டார். சட்டம் நிறைவேறியது.

1954-ல் அணுசக்தி இலாகா தனியாகப் பிறந்தது. மற்ற இலாகாக்களில் ஒரு கோப்பு எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்பது குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே காரியதரிசியும் பாபாவே, கமிஷன் தலைவரும் பாபாவே. அவருக்கு மேலே பிரதமர் மட்டும். நேருவுக்கு எழுதும் கடிதங்களில் அண்ணன் என்ற பொருளில் அவரை பாய் என்றே அழைப்பார். தலைமை அலுவலகமும் டில்லியில் இல்லை, பம்பாயில்! இந்தச் சலுகையால்தான் வேலை வேகமாக நடந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போனதும் இதனால்தான்.

டிராம்பேயில் அப்சரா

செம்பூரைத் தாண்டி டிராம்பே மலைக்கும் கடலுக்கும் நடுவே வேலை தொடங்கியது. 1956 ஆகஸ்ட் 4-ந் தேதி அப்சரா இயங்கியது. ரஷ்யாவை நீக்கிப் பார்த்தால் ஆசியாவிலேயே முதல் அணு உலை அதுதான். எரிபொருள் பிரிட்டன் தந்தது. உலையைக் கட்டியவர்கள் நம்மவர்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் நீல ஒளி வீசியதால் நேரு அந்தப் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டு டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இளம் பட்டதாரிகளைப் பொறுக்கி எடுத்து, சம்பளம் கொடுத்துப் படிக்க வைத்தார் பாபா. அவர் செய்தவற்றில் பெரியது எது என்று கேட்டால் உலைகளைவிட இந்தப் பள்ளியைத்தான் சொல்ல வேண்டும்.

உலகமே அப்போது அணு மின்சாரத்தின் மீது மோகம் கொண்டிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1953 டிசம்பரில் ஐ.நா.வில் அமைதிக்கான அணு என்ற திட்டத்தை வெளியிட்டார். 1954-ல் ரஷ்யா ஓப்னின்ஸ்கில் 5 மெகாவாட் நிலையத்தை இயக்கியது. 1956-ல் பிரிட்டனின் கால்டர்ஹால், 1957-ல் அமெரிக்காவின் ஷிப்பிங்போர்ட். இதற்கிடையே 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய முதல் உலக அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பாபா. அணுக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் வித்தை இருபது ஆண்டுகளில் வசப்படும் என்று அங்கே ஆரூடம் சொன்னார். எழுபது ஆண்டுகள் கடந்தும் அந்த வித்தையால் ஒரு வீட்டுக்கும் விளக்கு எரியவில்லை.

மணவாளக்குறிச்சி மணல்

நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் சேர்த்தார்களே, அதே தோரியம். திருவாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டது 1909-ல், அதாவது பாபா பிறந்த அதே ஆண்டில். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் அது கிடைக்கிறது. தோரியத்தை நேரடியாக எரிக்க முடியாது. முதல் கட்டத்தில் யுரேனியத்தை எரித்துப் புளூட்டோனியம் எடுக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வேக உலைகளில் அதைப் பெருக்க வேண்டும். மூன்றாம் கட்டத்தில்தான் தோரியம். இந்த மூன்று கட்டத் திட்டம் பாபா வகுத்தது.

பம்பாய்க்கு மின்சாரம் வேண்டும்; நிலக்கரியோ பீகாரிலும் வங்காளத்திலும் கிடக்கிறது. அங்கிருந்து ரயிலில் கொண்டுவரும் செலவைக் கணக்குப் பார்த்தால் அணு மின்சாரம் கட்டுப்படியாகும் என்று வாதாடினார். 1963-ல் அமெரிக்காவுடன் ஒப்பந்தமாகி, தாராப்பூரில் இரண்டு உலைகள் எழுந்தன. 1980-க்குள் நாட்டில் 8,000 மெகாவாட் அணு மின்சாரம் என்று கணக்குச் சொன்னார்.

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தது. சில நாட்களில் ரேடியோவில் பேசிய பாபா, ஆயுதக் குறைப்பு வேண்டும் என்றார். ஒரு குண்டுக்கு 17½ லட்சம் ரூபாய்தான் ஆகும் என்று அமெரிக்கக் கணக்கு ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். கமிஷன் தலைவர் வாயிலிருந்து வந்த இந்தக் கணக்கு, குண்டு வேண்டும் என்றவர்களுக்கு நல்ல ஆயுதமாயிற்று.

கடைசிப் பயணம்

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம் தீட்டுவார், மேல்நாட்டு இசையில் மூழ்குவார். கட்டடத்துக்காக மரத்தை வெட்ட விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்வார். 1966 ஜனவரி 24-ந் தேதி வியன்னாவில் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் கூட்டத்துக்குப் போகும் வழியில், அவர் சென்ற ஏர் இந்தியா போயிங் விமானம் மோண்ட்பிளாங்க் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு வயது 56. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

தாராப்பூர் 1969-ல் மின்சாரம் தந்தது. 1974-ல் பொக்ரானில் குண்டு சோதனை நடந்ததும் கனடா கையை உதறியது; பிறகு அமெரிக்காவும் எரிபொருளை நிறுத்தியது. வெளியிலிருந்து வந்ததை எல்லாம் நம்மவர்களே செய்து பழக வேண்டியிருந்தது. டிராம்பே பள்ளியில் படித்தவர்கள் இல்லாவிட்டால் அதுவும் நடந்திராது. 1980-ல் இருந்தது சுமார் 640 மெகாவாட். பாபா சொன்ன 8,000 மெகாவாட்டை நாடு தாண்டியது 2024-ல், 44 ஆண்டு தாமதமாக. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் வேக உலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கி, எரிபொருள் நிரப்பும் வேலைக்கு 2024 மார்ச் ஆயிற்று. தோரியத்தில் ஓடும் மூன்றாம் கட்ட மின் நிலையம் எதுவும் இன்னும் எழவில்லை.