உயிலில் விளைந்த கல்விப் பயிர்: வள்ளல் பச்சையப்பர்

வாழும்போது வாரி வழங்கிய வள்ளல்கள் தமிழர் வரலாற்றில் பலர் உண்டு. ஆனால், தாம் மறைந்த பின்னும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கொடுத்துக்கொண்டே இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் பச்சையப்ப முதலியார். சென்னையில் உள்ள பச்சையப்பன் கல்லூரியின் பெயரை நம்மில் பலர் அறிவோம். அக்கல்லூரி எவ்வாறு பிறந்தது என்ற கதையை அறிந்தவர் குறைவு.

இளமையும் உயர்வும்

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை விசுவநாத முதலியார் காலமாகிவிட்டார். ஆதரவற்று நின்ற தாய் பூச்சியம்மாளுக்குப் பெரியபாளையத்தில் ரெட்டி ராயர் என்பவர் அடைக்கலம் தந்தார். பின்னர் அக்குடும்பம் சென்னைக்கு வந்தது. அங்கே துபாஷியாக விளங்கிய நாராயண பிள்ளை, சிறுவனுக்குக் கல்வியும் தொழிலும் கற்பித்தார். பிறர் காட்டிய பரிவிலே வளர்ந்த பிள்ளை அவர் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர் என்று பொருள். ஆங்கிலேய வணிகர்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று, மொழிபெயர்ப்பு, கொள்முதல், கடன், வரிவசூல் என அனைத்தையும் கவனித்தவர்கள் துபாஷிகள். பச்சையப்பரும் இளம் வயதிலேயே இத்தொழிலில் இறங்கினார். செங்கற்பட்டு, தஞ்சைப் பகுதிகளில் அவருடைய கொடுக்கல் வாங்கல் விரிந்தது. முப்பது வயதிற்குள் பெருஞ்செல்வர் ஆனார்.

செல்வம் சேர்ந்தபோதும் இறைப்பற்று குறையவில்லை. கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்த அவர், அந்நாளில் தெளிந்த நீரோடிய கூவம் ஆற்றில் நீராடிக் கோயிலுக்குச் செல்வார் என்பர். காஞ்சிபுரம், சிதம்பரம் போன்ற தலங்களின் திருப்பணிகளுக்கும் அவர் பொருளுதவி செய்தார்.

உயில்

நாற்பது வயதை எட்டிய நிலையில் பச்சையப்பர் நோயுற்றார். முடிவு நெருங்குவதை உணர்ந்த அவர், 1794 மார்ச் 22ஆம் நாள் தம் உயிலை எழுதினார். ஒன்பது நாள்கள் கழித்து, மார்ச் 31ஆம் நாள் மறைந்தார். கோயில் வழிபாடு, அன்னதானம் முதலிய அறப்பணிகளுக்கே தம் செல்வத்தை அவர் ஒதுக்கியிருந்தார். அந்த அறநிதி ஏறத்தாழ ஒரு லட்சம் வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமம் என்றால், அன்றைய மதிப்பில் அது எத்துணைப் பெருந்தொகை என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆனால், எழுதியவர் போனபின் எழுத்தைக் காப்பவர் யார்? சொத்து உரியவாறு அறத்திற்குப் போய்ச் சேரவில்லை. வழக்குகள் எழுந்தன, ஆண்டுகள் உருண்டன. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அந்த உயில் வெறும் தாளாகவே கிடந்தது எனலாம். இறுதியில் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இதனைச் சென்னை உச்ச நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் நார்ட்டன் பணியைத் தொடர்ந்தார். நிதி மீட்கப்பட்டது.

இதற்கிடையே வட்டி சேர்ந்து தொகையும் பெருகியிருந்தது. உயிலில் கூறிய கோயில் கட்டளைகளுக்கு உரியதை ஒதுக்கிய பின்னும் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் எஞ்சியது. அந்த உபரியைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழி செய்தது. கல்லூரி வேண்டும் என்று பச்சையப்பர் எழுதவில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. அவர் அறத்திற்கென்று பொதுவில் வைத்துச் சென்றதால், காலத்தின் தேவை அறிந்து பின்வந்தோர் அதனைக் கல்வியாக மாற்ற முடிந்தது.

பள்ளியிலிருந்து கல்லூரிக்கு

1842 ஜனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வே பகுதியில் பச்சையப்பர் பள்ளி தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே இலவசக் கல்வி கிடைத்தது. 1850இல் கிரேக்கக் கோயில் போன்ற தூண்களுடன் பச்சையப்பர் மண்டபம் எழுந்தது. 1889இல் அந்நிறுவனம் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டு வளாகத்திற்கு இடம் மாறியது. தொடக்கத்தில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த அதன் கதவுகள், 1947இல் அனைவருக்கும் திறந்தன.

கணித மேதை இராமானுஜன் அங்கே பயின்று தேர்வில் தோல்வி கண்டார். ஆயினும் உலகை வென்றார். 1965இல் நம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்த அறிஞர் அண்ணா அக்கல்லூரியின் மாணவர். நாம் விரும்பிப் படிக்கும் மு.வ. அங்குத் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் வேறு கொடையாளர்களின் நிதிகளும் பச்சையப்பர் அறக்கட்டளையின் பொறுப்பில் சேர்ந்தன. கந்தசாமி நாயுடு, செல்லம்மாள் ஆகியோரின் பெயர் தாங்கிய கல்லூரிகள் அதற்குச் சான்று. ஒரு கொடை மற்றொரு கொடையை ஈன்றது.

நமக்கான பாடம்

உயில் என்றாலே முதியோர் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறோம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அபசகுனம் என்று வாயடைப்போரும் உண்டு. அறநிதி தொடங்கப் பெருஞ்செல்வர்களால்தான் முடியும் என்பதும் இல்லை. குடும்பத்திற்கு உரியதைக் கொடுத்தபின், ஒரு சிறு பங்கைத் தமிழ்ப்பள்ளிக்கோ, ஏழை மாணவர் கல்வி நிதிக்கோ எழுதி வைக்கலாமே!

அதேவேளை, நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையும் பச்சையப்பரின் வரலாறு உணர்த்துகிறது. பெறவேண்டிய அமைப்பின் பெயரும், கொடையின் நோக்கமும் தெளிவாக இருத்தல் வேண்டும். நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் அளிக்க வேண்டும். இரு சாட்சிகள் முன் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன்பெறுவோர் சாட்சியாக நிற்கக்கூடாது. இவற்றைப் பின்பற்றினால், நம் விருப்பம் நாற்பது ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் காத்துக் கிடக்காது.

தந்தை முகம் காணாத ஒரு பிள்ளையை இருவர் ஆதரித்தனர். அந்தப் பிள்ளையின் பொருளால் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கல்வி பெற்று வருகின்றனர். உபகாரச் சம்பளமும் பிறர் உதவியும் பெற்றுப் பட்டம் வாங்கும் நாம், நமக்குப் பின் வருவோருக்கு என்ன எழுதி வைக்கப் போகிறோம்? சிந்திப்போம்.