ஒரே பந்தி, ஒரே பாத்திரம்: தாம்பரத்துக்கு உலகை வரவேற்ற பிஷப் அசரியா யார்?

கிழக்குத் தாம்பரம் வழியாக தினமும் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அதாவது எம்.சி.சி, என்றால் முதலில் ஞாபகம் வருவது மரங்கள்தான். அப்புறம் மான்கள், கல்ச்சுரல்ஸ், கேட்டுக்கு வெளியே டீக்கடைகள். ஆனால் உலக கிறிஸ்தவ வரலாறு படிப்பவர்களிடம் 'தாம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது ஓர் ஊரின் பெயர் மட்டும் இல்லை. 1938 டிசம்பரில் இந்தக் கேம்பஸில் நடந்த ஓர் உலக மாநாட்டின் பெயர்.

அந்த மாநாட்டில் இந்தியத் திருச்சபைகளின் சார்பில் உலகத்தை வரவேற்கும் இடத்தில் இருந்தவர் ஒரு தமிழர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பேசுகிற விசுவாசம், திங்கட்கிழமை வீட்டுச் சாப்பாட்டில், சம்பளத்தில், கடனில், பக்கத்து வீட்டுக்காரரை நடத்தும் விதத்தில் தெரிய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியவர். அவர் கதையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?

எங்கிருந்து வந்தார்?

1874 ஆகஸ்ட் 17. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தேரி மணலும் பனை மரங்களும் சூழ்ந்த வெள்ளாளன்விளை கிராமத்தில் பிறந்தார் அசரியா. அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊரின் போதகர். அம்மா எலன். நாடார் சமூகக் குடும்பம். அந்தச் சமூகத்தினரைக் கோயில்களுக்குள் விடாத காலம் அது. பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டத்தின் நினைவும் அந்தப் பகுதியில் இன்னும் மறையவில்லை. சாதி என்றால் என்ன என்று அந்தப் பையனுக்குப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாவின் கண்டிப்பில் வளர்ந்தார். மெஞ்ஞானபுரத்திலும் நெல்லையிலும் படித்த பிறகு, மெட்ராஸுக்கு வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட் பக்கத்தில் இருந்தது. பிரின்சிபால் வில்லியம் மில்லர். பிற்காலத்தில் தேசிய அளவில் கிறிஸ்தவத் தலைவரான கே.டி.பால், அங்கே கிடைத்த நண்பர்.

கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனதால் அசரியா டிகிரி வாங்கவில்லை. பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

பிஷப் ஆவதற்கு முன்பு என்ன செய்தார்?

1895இல் ஒய்.எம்.சி.ஏ செயலாளர் வேலை. தென்னிந்தியா முழுக்கச் சுற்றும் வேலை அது. அதில் கிடைத்த நண்பர் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர். தமிழ் கற்றுக்கொண்ட எடியும் அசரியாவும் சேர்ந்தே பயணம் செய்தார்கள், சேர்ந்தே வேலை பார்த்தார்கள். வெள்ளைக்காரருக்கும் இந்தியருக்கும் நடுவே சமமான நட்பு சாத்தியம் என்பதை அசரியா இந்த உறவில்தான் அனுபவித்துப் பார்த்தார்.

1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூறு வருடத்துக்கும் மேலான கிறிஸ்தவப் பாரம்பரியம் உள்ள திருநெல்வேலியில் அப்படி ஓர் அமைப்பு இல்லையே என்பது அவரை உறுத்தியது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தொடங்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே கொள்கை: ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இந்தப் பணம் பணக்காரர்களிடமிருந்து வந்துவிடவில்லை. தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளுக்குப் பிடியரிசி பழக்கம் புதிதல்ல. சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனியாக ஒரு பானையில் போட்டுவிட வேண்டும். வாரக் கடைசியில் அது சபைக்குப் போகும். இந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் தன் பொறுப்பில் இருந்த தெலுங்குக் கிராமங்களிலும் அசரியா வளர்த்தார். ஏழைக்கும் கொடுக்க உரிமை உண்டு, வாங்குபவராக மட்டுமே இருப்பது ஒரு மனிதரின் மரியாதையைக் குறைக்கும் என்பது அவர் எண்ணம். காணிக்கை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

எடின்பரோவில் என்ன நடந்தது?

1910 ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பேர் வந்திருந்தார்கள். அதில் ஆசியர்கள் இருபது பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், 35 வயது அசரியா.

மேடையேறி அவர் பேசியது, அரங்கில் இருந்த பலருக்கு எரிச்சலைக் கிளப்பியது. மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், பள்ளியும் மருத்துவமனையும் கட்டுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் இந்தியக் கிறிஸ்தவரைச் சமமான நண்பராக நடத்துவதில்லை. அவர் வீட்டுக்குப் போவதில்லை, தன் வீட்டுக்கு அழைப்பதில்லை, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உறவு முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் நடுவே இருப்பது மாதிரிதான் இருக்கிறது. தியாகத்தோடு நட்பையும் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

பிரிட்டிஷ் ஆட்சி உச்சத்தில் இருந்த நேரத்தில், பிரிட்டிஷ் மண்ணிலேயே நின்று ஒரு தமிழர் இதைச் சொன்னார். அந்த மாநாட்டின் மற்ற பல உரைகள் மறந்துபோய்விட்டன. இது மட்டும் இன்றும் இறையியல் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

டோர்னக்கல்லில் சாதியை எப்படி எதிர்கொண்டார்?

அடுத்தவரிடம் கேட்பது ஈஸி. தன் பொறுப்பில் ஒரு சபை வந்தபோது அசரியா என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

எடின்பரோவுக்கு ஒரு வருடம் முன்பே, 1909இல், ஒய்.எம்.சி.ஏ வேலையை விட்டுவிட்டு நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத் சமஸ்தானத்தின் டோர்னக்கல்லுக்குப் போயிருந்தார். இன்றைய தெலங்கானாவில், காசிப்பேட்டை - விஜயவாடா ரயில் பாதையில் வரும் ஊர் அது. தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1912 டிசம்பர் 29 அன்று கொல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டபோது வயது 38. ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளைக்கார ஊழியர்கள் வேலை பார்ப்பதா என்று எதிர்ப்பு வந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சிலர் முகம் சுளித்தார்கள். 1945இல் அவர் இறக்கும் வரை, ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்தியர் அவர்தான்.

டோர்னக்கல் சபையில் பெரும்பாலானவர்கள் மாலா, மாதிகா என்ற இரண்டு தலித் சமூகங்களைச் சேர்ந்த கூலி விவசாயிகள். ஊர் இரண்டு பேரையுமே ஒதுக்கி வைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்களுக்குள்ளேயே மேல், கீழ் இருந்தது. ஒருவர் கையால் இன்னொருவர் சாப்பிட மாட்டார்.

ஆங்கிலிக்கன் வழக்கப்படி திருவிருந்தில் எல்லோரும் ஒரே வரிசையில் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்திலிருந்துதான் குடிக்க வேண்டும். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் பரம்பரை பரம்பரையாகத் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்த இரண்டு சமூகங்களுக்கு அது சாதாரணம் இல்லை. சேர்ந்து கும்பிடுவதிலும் சேர்ந்து சாப்பிடுவதிலும் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. ஆலயத்துக்குள் ஒரே பாத்திரம், வெளியே தனிப் பந்தி என்றால் அந்தத் திருவிருந்துக்கு அர்த்தமே இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இரண்டு சமூகங்களிலிருந்தும் குருமார்களை உருவாக்கினார்.

பிரசங்கத்தோடு நின்றுவிடவும் இல்லை. அழுக்கு, நோய், கடன், குடி - இந்த நான்கையும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்றே கருதினார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். மனைவி அன்பு மாரியம்மாள், அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்த பெண். பெண்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். டோர்னக்கல் பள்ளியில் பிள்ளைகள் பாடத்தோடு தோட்ட வேலையும் கற்றார்கள். கையால் செய்யும் வேலை கேவலம் இல்லை என்று சொல்ல அது ஒரு வழி.

பலன்? மறைமாவட்டத்தின் கிறிஸ்தவர் எண்ணிக்கை அவர் காலத்திலேயே இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1930களில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை தள்ளி நின்ற மற்ற சாதி விவசாயக் குடும்பங்களும் சபைக்கு வரத் தொடங்கின. சேரியில் குடி குறைந்ததையும், பிள்ளைகள் படிப்பதையும், சண்டை ஓய்ந்ததையும் பக்கத்தில் இருந்தே பார்த்தவர்கள் அவர்கள். பிரசங்கத்தைவிட அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கைதான் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

காந்தியோடு என்ன முரண்பாடு?

இதே வளர்ச்சிதான் அவரை காந்தியோடு மோத வைத்தது. 1935இல் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்த பிறகு, தலித் மக்களின் மதமாற்றம் தேசிய விவாதம் ஆனது. தீண்டாமையை இந்து சமயத்துக்குள் இருந்தே ஒழிக்க வேண்டும், கூட்டம் கூட்டமாக நடக்கும் மாற்றம் உண்மையான மனமாற்றம் ஆகாது என்பது காந்தியின் வாதம். தன் நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்க அந்த ஏழைகளுக்குத் தெரியும், அவர்கள் வாழ்க்கை மாறியதே அதற்குச் சாட்சி என்பது அசரியாவின் வாதம். கடைசி வரை இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அசரியா தேசியத்துக்கு எதிரானவர் இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

தாம்பரம் 1938: ஏன் முக்கியம்?

எம்.சி.சி தன் நூற்றாண்டு வருடமான 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு சேலையூர் காட்டுப் பகுதிக்கு இடம் மாறியது. பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கி அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. புதுக் கட்டடங்கள், சுற்றிலும் புதர்க்காடு.

அந்த நேரத்தில் உலக மிஷனரி மாநாடு சீனாவின் ஹாங்சோவில் நடப்பதாக இருந்தது. 1937இல் ஜப்பான் சீனா மீது படையெடுக்க, இடம் மாற்ற வேண்டிய கட்டாயம். தேர்வானது தாம்பரம். இந்திய தேசிய கிறிஸ்தவ கவுன்சிலின் தலைவர் என்ற முறையில், வரவேற்கும் பொறுப்பு அசரியாவுக்கு வந்தது.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, 60க்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளிலிருந்து சுமார் 470 பேர் கூடினார்கள். எடின்பரோவில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். தாம்பரத்தில் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கச் சபைகளின் பிரதிநிதிகள்தான் பாதிக்கு மேல். ஜப்பானின் ககாவா, இலங்கையின் டி.டி.நைல்ஸ், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி ஆகியோர் வந்திருந்தார்கள். இரண்டு நாடுகளும் போரில் இருந்தபோதே சீனர்களும் ஜப்பானியர்களும் ஒரே கேம்பஸில் தங்கி, ஒரே கூட்டத்தில் ஜெபித்தார்கள். 28 வருடம் முன்பு அசரியா கேட்டது முழுதாகக் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் உட்காரும் வரிசை மாறியிருந்தது.

மாநாடு முடிந்த அடுத்த வாரமே, 1939 ஜனவரி 6 அன்று, டோர்னக்கல் பேராலயம் திறக்கப்பட்டது. கோயில் தூண்களும் மசூதி பாணிக் குவிமாடங்களும் சேர்ந்த கட்டடம் அது.

அவருக்குப் பிறகு?

1945 ஜனவரி 1 அன்று டோர்னக்கல்லில் அசரியா இறந்தார். 1919இல் தரங்கம்பாடியில் அவரும் நண்பர்களும் தொடங்கி வைத்த சபை ஒற்றுமை முயற்சி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக, அதாவது சி.எஸ்.ஐயாக, நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் எதிர்த்த விஷயமும் முழுதாக ஒழியவில்லை. தமிழ்நாட்டில் சாதி பார்த்து வரன் தேடும் கிறிஸ்தவ விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடச் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. ஆந்திர, தெலங்கானா சபைகளில் மாலா - மாதிகா பிளவு இன்னும் பேசப்படுகிறது. ஒரு பிஷப்பின் பிடிவாதத்தால் மட்டும் ஆயிரம் வருடப் பழக்கம் போய்விடாது.

இருந்தாலும் அவர் விட்டுப்போன அளவுகோல் ரொம்ப எளிமையானது. ஒரு மனிதரின் விசுவாசத்தைத் தெரிந்துகொள்ள, அவர் எந்த ஆலயத்துக்குப் போகிறார் என்று பார்த்தால் போதாது. அவர் வீட்டுப் பந்தியில் யாருக்கெல்லாம் இலை போடப்படுகிறது என்றும் பார்க்க வேண்டும்.