எளியோரின் உறவினர்: தீனபந்து ஆண்ட்ரூஸ்

சமயங்களின் உயர்வை அவற்றின் மறைநூல்களைக் கொண்டு அளப்போர் உண்டு. எளிய மக்களோ அச்சமயத்தாரின் நடையைக் கண்டே அதனை மதிப்பிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய மக்களுக்குக் கிறித்தவம் என்பது பெரும்பாலும் ஆள்வோரின் சமயமாகவே தோன்றியது. பகைவரையும் நேசிக்கக் கற்பித்த ஆசானின் பெயரால் ஞாயிறுதோறும் வழிபட்டோர், திங்கட்கிழமை முதல் நிறவேற்றுமை பாராட்டியதை மக்கள் கண்கூடாகக் கண்டனர். அம்முரண்பாட்டைத் தம் இனத்தாரிடமே எடுத்துரைத்து, தம் வாழ்க்கையால் அதனை நேர்செய்ய முயன்றவர் சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் ஆவார். எளியோரின் உறவினர் என்னும் பொருள்பட இந்திய மக்கள் அவரைத் தீனபந்து என்றழைத்தனர்.

இளமையும் கல்வியும்

ஆண்ட்ரூஸ் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார், பர்மிங்காமில் வளர்ந்தார். தந்தையார் சிறியதொரு திருச்சபையின் குரு. தாயாரின் சொத்தைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற குடும்ப நண்பர் அதனைக் கையாடி அழித்துவிட, குடும்பம் வறுமையுற்றது. அச்செய்தி வந்த அன்றே தந்தையார் வீட்டாரை அழைத்து, வஞ்சித்த நண்பருக்காக இறைவனிடம் மன்றாடினார். மன்னிப்பு என்பது போதனையில் மட்டும் இருப்பதன்று என்பதைச் சிறுவன் அன்று கற்றுக்கொண்டான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பயின்ற ஆண்ட்ரூஸ், முதலாளிகளுக்கும் தொழிலாளருக்கும் இடையிலான பூசலில் கிறித்தவத்தின் கடமை யாதென ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்குப் பரிசு பெற்றார். 1897இல் குருப்பட்டம் ஏற்றபின், தென் இலண்டனின் ஏழ்மைமிக்க வால்வொர்த் பகுதியில் பணியாற்றினார். தில்லியில் தொண்டாற்றிய நெருங்கிய நண்பர் பேசில் வெஸ்ட்காட் 1900இல் காலராவுக்குப் பலியானார். அவர் விட்ட பணியைத் தாம் தொடர எண்ணிய ஆண்ட்ரூஸ் 1904ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் இந்திய மண்ணில் கால்வைத்தார். அந்நாளைத் தம் இரண்டாம் பிறந்தநாளாகவே அவர் போற்றினார்.

முதற் சோதனை

தில்லி தூய ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியரான ஆண்ட்ரூசுக்கு விரைவிலேயே ஒரு சோதனை வந்தது. 1906இல் கல்லூரி முதல்வர் பதவி காலியாயிற்று. அனுபவத்திலும் தகுதியிலும் முதல்வராக இருந்தவர் சுசில் குமார் ருத்ரா என்னும் வங்காளக் கிறித்தவர். இந்தியர் ஒருவரின் கீழ் ஆங்கிலேயர் பணிபுரிவதா என்ற தயக்கம் திருச்சபை வட்டாரத்திலேயே எழுந்தது. ஆண்ட்ரூசையே முதல்வராக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. ருத்ராவுக்கு அப்பதவி மறுக்கப்படின் தாம் விலகுவதாக ஆண்ட்ரூஸ் அறிவித்தார். ருத்ரா முதல்வரானார், ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழ் மகிழ்வுடன் பணியாற்றினார்.

தென்னாப்பிரிக்காவில்

தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டிருந்தது. 1913இல் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்து, காந்தியடிகளின் பின் எல்லை நோக்கி நடந்தோரில் தமிழர் மிகப் பலர். ஆண்ட்ரூஸ் பிறந்த ஊரும் நிலக்கரிக்குப் பெயர்பெற்ற நியூகாசிலே என்பது எண்ணத்தக்கது. கோகலேயின் வேண்டுகோளை ஏற்ற அவர், தம் சேமிப்பைப் போராட்ட நிதிக்கு வழங்கிவிட்டு, நண்பர் பியர்சனுடன் கப்பலேறினார்.

1914 சனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது, தலையை மழித்து, கூலித் தொழிலாளியின் உடையில் நின்ற காந்தியடிகளை அவருக்குக் காட்டினர். ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் கால்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் ஆசியர் ஒருவரின் காலைத் தொட்டது அந்நாட்டு வெள்ளையரிடையே பெருஞ்சினத்தை மூட்டியது. சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுவை வழிபட்டவர்கள், அவர் வழிநின்ற ஒருவரின் பணிவைப் பொறுக்கவில்லை. டர்பன் தேவாலயம் ஒன்றில் ஆண்ட்ரூஸ் அருளுரை ஆற்றியபோது, கேட்க வந்த காந்தியடிகள் நிறத்தின் காரணமாக வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் இதனையறிந்த ஆண்ட்ரூஸ் ஆறாத் துயருற்றார். ஆசியாவில் பிறந்த இயேசுவே வந்திருப்பினும் அவ்வாயில் திறந்திராது என்பது அந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை.

காந்தியடிகளுக்கும் ஸ்மட்சுக்கும் இடையே உடன்பாடு உருவாக அவர் உழைத்தார். அந்நாட்களிலேயே இங்கிலாந்தில் அவர் தாயார் மறைந்தார். மகன் அருகில் இல்லை. அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது. இந்தியா மீண்ட ஆண்ட்ரூஸ் தாகூரின் சாந்திநிகேதனத்தில் சேர்ந்தார். தம் சபைக்குப் புறம்பானோர் அழிவர் எனக் கூறும் பழைய அறிக்கையை மனமொப்பி ஓத இயலாமையால், குருவுக்குரிய பணிகளையும் துறந்தார். திருச்சபைப் பணியைத் துறந்தாரேயன்றி, இயேசுவைத் துறந்தாரல்லர்.

கரும்புத் தோட்டங்களில்

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் ஏறத்தாழ 60,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்டனர்; 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அங்குத் தமிழ்ப் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் பாடியதைத் தமிழுலகம் அறியும். முறையை நிறுத்தக் கோகலே 1912இல் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானம் தோற்றிருந்தது. 1915இல் ஆண்ட்ரூசும் பியர்சனும் பிஜி சென்றனர். பத்தடிக்கு ஏழடி அளவான அறையில் மூன்று ஆடவர் அல்லது ஒரு குடும்பம், நூறு ஆடவருக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கு, அதன் விளைவாகச் சீரழிந்த இல்லறங்கள், மிகுந்த தற்கொலைகள். இவற்றையெல்லாம் அவர்கள் அறிக்கையாக்கினர்.

முறை ஒழியும் என 1916இல் உறுதி அளித்த அரசு, ஆட்சேர்ப்பை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்க இருந்தது. நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. இந்தியப் பெண்களும் அதில் முன்னின்றனர். 1917இல் ஆட்சேர்ப்பு நின்றது. ஆண்ட்ரூஸ் மீண்டும் பிஜி சென்றார். சர்க்கரை நிறுவனத்தின் தாயகமான ஆஸ்திரேலியாவின் மனச்சான்றையும் தட்டியெழுப்பினார். அந்நாட்டுப் பெண்கள் அமைப்புகள் 1918இல் தம் சார்பில் ஒருவரை அனுப்பி ஆராய, அவர் கூற்று மெய்யென உறுதியாயிற்று. 1920 சனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

பஞ்சாபும் கென்யாவும்

1919 ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப்பின் பஞ்சாபுக்கு விரைந்த ஆண்ட்ரூசை அரசு முதலில் தடுத்து வெளியேற்றியது. பின்னர் ஊர்ஊராகச் சென்ற அவர், கசையடி பட்ட சீக்கியப் பெரியவர் ஒருவரின் காலைத் தொட்டுத் தம் இனத்தாருக்காக மன்னிப்பு வேண்டினார்.

கென்யாவில் வெள்ளைக் குடியேறிகள் கிறித்தவ நாகரிகத்தைக் காக்கும் பொறுப்பு தமக்கே உரியதெனக் கூறி, இந்தியருக்குச் சமவுரிமை மறுத்தனர். நிலத்தையும் ஆட்சியையும் தம் கையில் வைத்துக்கொள்ள இயேசுவின் பெயரைக் கருவியாக்கிய அவ்வாதத்தை ஆண்ட்ரூஸ் கடுமையாக மறுத்தெழுதினார். 1921இல் அங்குத் தொடர்வண்டியில் சென்றபோது குடியேறிகள் அவரைத் தாக்கினர். தந்தையாரிடம் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. தாக்கியோர்மீது நடவடிக்கை எடுக்க அவர் விரும்பவில்லை.

நண்பரும் குறைகளும்

காந்தியடிகளிடம் அவர் கொண்ட அன்பு கண்மூடித்தனமானதன்று. 1918இல் அடிகள் போருக்கு ஆள் திரட்டியபோதும், 1921இல் அயல்நாட்டுத் துணிகளை எரித்தபோதும், அவை அகிம்சைக்கு ஒவ்வா எனத் தயங்காது எடுத்துரைத்தார். தம் சமயத்தாரிடம் காட்டிய அதே நேர்மையை நண்பரிடமும் காட்டினார்.

அவர் முயற்சிகள் யாவும் கனிந்தன எனல் பொருந்தாது. அவர் துணைநின்ற 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கை, தென்னாப்பிரிக்க இந்தியருக்குச் சில நலன்களை அளித்தது. பணவுதவியுடன் தாயகம் திரும்பும் திட்டத்தையும் கொணர்ந்தது. அதனை நம்பிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய பலர் வேலையும் உறவுமின்றித் தம் முன்னோர் மண்ணிலேயே அயலாராயினர். ஆட்சியாளரின் சொல்லை எளிதில் நம்பியது ஆண்ட்ரூசின் குறை எனலாம். மனிதரிடம் நன்மையே காண விழைந்த அவருடைய இயல்பில் விளைந்த குறை அது.

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். மருத்துவமனையில் கிடந்த அவரைக் காந்தியடிகள் முன்னரே வந்து கண்டு சென்றிருந்தார். கல்கத்தாக் கல்லறைத் தோட்டம் ஒன்றில் அவருடல் அடக்கம் செய்யப்பட்டது. 1971இல், அவர் பிறந்த நூற்றாண்டில், இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

கிறித்தவரின் நடையும் அரசியலும் இயேசுவின் போதனைக்கு ஒத்தனவா என்ற வினாவைப் பிற சமயத்தார் கேட்டால் அது பழிப்பாகக் கருதப்படலாம். ஆண்ட்ரூஸ் அதனைக் கிறித்தவராக நின்றே கேட்டார். முதலில் தம்மிடமே கேட்டுக்கொண்டார். அவ்வினா ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. டர்பன் தேவாலயத்தின் வாயிலைப் போன்ற வாயில்கள் எல்லாச் சமயத்தாரின் ஊர்களிலும் இருந்துள்ளன. அவ்வாயிலில் தடுக்கப்பட்டவரின் பக்கம் சென்று நிற்போரே தம் சமயத்திற்குப் பெருமை சேர்ப்போர் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.