டிராக்டருக்கு மூன்று கைகள் தந்தவர்

ஷா ஆலமில் சாலையோரப் புல்லை வெட்டும் டிராக்டரை அடுத்த முறை பார்த்தால் அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள். புல்வெட்டியைப் பெரும்பாலும் மூன்று இரும்புக் கைகள் பிடித்திருக்கும். கீழே இரண்டு, மேலே ஒன்று. அந்த அமைப்பைத் தந்தவர் ஹாரி ஃபெர்குசன். இயந்திரப் பொறியியல் படிக்கும் எனக்கே இவர் பெயர் சென்ற ஆண்டுதான் தெரியும்!

1884-இல் அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலை பிடிக்காமல், பெல்ஃபாஸ்டில் அண்ணனின் பட்டறையில் சேர்ந்தார். 1909 டிசம்பர் 31-இல், தானே செய்த விமானத்தில் பறந்தும் காட்டினார். ஆனால், விட்டு வந்த வயல் அவரை விடவில்லை. முதல் உலகப் போரின்போது, 1917-இல், டிராக்டர்களைக் கண்காணிக்கும் பொறுப்பை அரசு அவரிடம் கொடுத்தது.

அப்போது கலப்பையை டிராக்டரின் பின்னால் கட்டி, வண்டி போல இழுப்பார்கள். கலப்பை கல்லில் சிக்கினால் அது நின்றுவிடும், சக்கரம் நிற்காது. முன்பக்கம் எழும்பி, டிராக்டர் ஓட்டுநர் மேலேயே கவிழும். உயிர்கள் போயின. என் தாத்தா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஒருமுறை மரத்துண்டை இழுக்கச் சங்கிலியை உயரத்தில் கட்டிவிட்டார், முன்சக்கரங்கள் எழும்பின. கிளட்சை மிதித்ததால் பிழைத்தார்.

கவிழாமல் இருக்க டிராக்டரின் எடையைக் கூட்டலாம். ஃபெர்குசன் அப்படிப் போகவில்லை. டிராக்டரும் கலப்பையும் ஒரே இயந்திரம் என்று எண்ணினார். கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கும். கலப்பை சிக்கினால் மேல்கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும்; முன்சக்கரம் தரையிலேயே இருக்கும். உழும் ஆழத்தை ஹைட்ராலிக் அமைப்பு பார்த்துக்கொள்ளும். 1926-இல் காப்புரிமை பெற்றார். கனமான வேலைக்குக் கனமான டிராக்டர்தான் வேண்டும் என்ற கணக்கு மாறியது. இன்றும் டிராக்டர் வாங்குபவர் குதிரைத்திறனை மட்டும் கேட்டால் போதாது. பின்னால் எதை மாட்டப்போகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

1938-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்து, வெறும் கைகுலுக்கலில் கூட்டு சேர்ந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. இவ்வளவு நுணுக்கமானவர் இதில் கோட்டை விட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் கூட்டு முறிந்தது. அதே அமைப்புடன் அவர்கள் தனியாக டிராக்டர் தயாரித்தார்கள். ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் கிடைத்தது 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.

இதற்கிடையே, 1946 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் அவருடைய சிறிய சாம்பல்நிற டிராக்டர் உருவானது. பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேல்! எவரெஸ்ட் வென்ற ஹில்லரி, சக்கரங்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனியில் இதே டிராக்டர்களை ஓட்டி 1958 ஜனவரியில் தென்துருவத்தை அடைந்தார்.

1960-இல் ஃபெர்குசன் மறைந்தார். மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற பெயரில் சென்னையின் டாஃபே நிறுவனமும் டிராக்டர்கள் தயாரித்தது. தாத்தாவுக்கு அந்த மூன்று கைகளையும் காகிதத்தில் வரைந்து காட்டினேன். மேல்கையின் மீது விரலை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை.