வளைவில் கார் சாயாமல் இருந்தால் போதுமா? லோட்டஸ் நிறுவனர் கோலின் சாப்மனின் கதை

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, சஸ்பென்ஷனை மாற்றுவது. கெட்டியான ஸ்பிரிங், தடிப்பான ஸ்வே பார், தரையோடு ஒட்டிய தோற்றம். கார் எவ்வளவு இறுக்கமா இருக்கோ, வளைவில் அவ்வளவு வேகமாப் போகும் என்பது பொதுவான எண்ணம்.

அது பாதி உண்மைதான் என்று 1960களிலேயே செய்து காட்டியவர் பிரிட்டனின் கோலின் சாப்மன். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

இந்த வட்டாரத்துக்கு அவர் பெயர் புதிதல்ல. மலேசியாவின் புரோட்டான் நிறுவனம் 1996இல் லோட்டஸை வாங்கியது. அதன் பிறகு வந்த சத்ரியா ஜிடிஐ காரின் பின்புறத்தில், கையாளும் தன்மையை லோட்டஸ் அமைத்தது என்று சொல்லும் சின்னம் இருக்கும். அந்தப் பெருமையின் வேர் சாப்மனிடம்தான் இருக்கிறது.

யார் இந்த சாப்மன்?

1928ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். கூடவே ஒரு பக்கத் தொழில்: பழைய கார்களை வாங்கி விற்பது.

1947இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பொதுமக்களுக்கான பெட்ரோல் பங்கீட்டை நிறுத்தியது. பெட்ரோலே இல்லாதபோது காரை யார் வாங்குவார்? வியாபாரம் படுத்துவிட்டது. விற்காமல் மிஞ்சிய பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துப் போட்டு, புதிதாக ஒன்றைக் கட்டினார். காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் உருவான அந்தக் கார்தான் முதல் லோட்டஸ்.

1952இல் ஹேசலிடம் 25 பவுண்டு கடன் வாங்கி நிறுவனத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்து இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

சரி, ஸ்வே பார் என்னதான் செய்கிறது?

சாப்மனின் திறமையைப் புரிந்துகொள்ள, முதலில் இது தெரிய வேண்டும்.

ஸ்வே பார் என்பது காரின் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் வளைந்த எஃகுக் கம்பி. ஆன்ட்டி-ரோல் பார் என்றும் சொல்வார்கள். கார் வளைவில் திரும்பும்போது உடல் வெளிப்பக்கம் சாயும். அப்போது இந்தக் கம்பி முறுக்கப்பட்டு, சாய்வை எதிர்க்கும். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஒரு மேட்டில் ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஆனா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால், அந்த அதிர்ச்சியை மறுபக்கச் சக்கரத்துக்கும் கொண்டுபோகும்.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும் மொத்தச் சுமையை ஸ்வே பார் பெரிதாகக் குறைப்பதில்லை. காரின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஆகியவைதான் அதை முடிவு செய்கின்றன. அந்தச் சுமையில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதே பாரின் வேலை.

முன்பக்கம் தடித்த பார் போட்டால் முன் டயர்களின் பிடிப்பு முதலில் குறையும். கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். பின்பக்கம் தடித்த பார் போட்டால் பின்பகுதி வழுக்கி வெளியே வரப் பார்க்கும்.

ஒரு பாகம், இரண்டு வேலை

எடை குறைந்தால் எல்லாமே எளிதாகும் என்பதுதான் சாப்மனின் அடிப்படைக் கொள்கை. வளைவில் சுமை குறையும், பிரேக் சீக்கிரம் பிடிக்கும், சிறிய எஞ்சினே போதும்.

அதற்கு அவர் கண்ட வழி, ஒரே பாகத்தை இரண்டு வேலை செய்ய வைப்பது. 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரின் முன்பக்கத்தைப் பார்த்தால் இது புரியும். சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் சட்டத்துக்கு வழக்கமாக இரண்டு கைகள் வேண்டும். சாப்மன் ஒரு கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்வே பாரின் முனையையே பொருத்தினார். சாய்வைத் தடுக்கும் கம்பியே சக்கரத்தையும் பிடித்துக்கொண்டது.

அதே ஆண்டு அறிமுகமான எலீட் காரின் பின்பக்கத்திலும் இதே உத்திதான். எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டே, சக்கரத்தைப் பக்கவாட்டில் நிலைநிறுத்தும் கையாகவும் வேலை செய்தது. அந்த அமைப்புக்கு இன்றும் சாப்மன் ஸ்ட்ரட் என்றுதான் பெயர்.

மென்மையாக இருந்தும் வேகம்

1962இல் வந்த எலான், பலரின் கணக்கைப் புரட்டிப்போட்டது. எடை 700 கிலோகிராமுக்கும் குறைவு. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலும் அதன் ஸ்பிரிங்குகள் மென்மையானவை. வளைவில் கார் நன்றாகவே சாயும். ஆனாலும் அதைவிடச் சக்திவாய்ந்த கார்கள் வளைந்த சாலைகளில் அதனிடம் தடுமாறின.

காரணம் ரொம்ப எளிது. பிடிப்பைத் தருவது டயர் மட்டும்தான். டயர் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் இளகிக் கொடுத்தால் டயர் தரையை விடாது. ஸ்பிரிங் துள்ளாமல் ஷாக் அப்சார்பர் பார்த்துக்கொள்ளும். சேஸி உறுதியா இருந்தால், சக்கரங்கள் சரியான கோணத்தில் நிற்கும். உறுதி சேஸியில் இருக்கட்டும், மென்மை ஸ்பிரிங்கில் இருக்கட்டும் என்பதே அவரது ஏற்பாடு.

பந்தயத் தடத்தில்

அதே ஆண்டு பந்தயத்துக்கு வந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டங்களுக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகட்டாலான ஒரே கூட்டை உடலாகக் கொண்டிருந்தது. ஃபார்முலா ஒன் கார்களின் கட்டுமானத்தையே அது மாற்றியது. ஜிம் கிளார்க் 1963, 1965 ஆண்டுகளில் லோட்டஸில் உலக வெற்றியாளரானார்.

சிங்கப்பூரிலும் அந்த அலை அடித்தது. அப்பர் தாம்சன் சாலையில் நடந்த சிங்கப்பூர் கிராண்ட் பிரி பந்தயத்தை 1963, 1965 ஆண்டுகளில் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23 காரில் வென்றார்.

சாப்மன் இருந்த காலத்தில் லோட்டஸ் அணி ஏழு முறை ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் விருதைத் தட்டிச் சென்றது.

எடைக் குறைப்புக்குக் கொடுத்த விலை

கதையின் கசப்பான பக்கம் இதுதான். லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் எளிதில் உடையக்கூடியவை என்ற பெயரும் சேர்ந்தே வந்தது.

1969இல் ஸ்பெயின் பந்தயத்தில் இரு லோட்டஸ் கார்களின் பின் இறக்கைகளும் முறிந்தன. ஓட்டுநர்கள் கிரஹம் ஹில்லும் ஜோகென் ரிண்ட்டும் விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தனர். காரை நம்பி ஓட்ட முடியவில்லை, பலவீனமான பாகங்களுக்குச் சில கிலோ எடை கூடுதலாகக் கொடுங்கள் என்ற பொருளில் ரிண்ட் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார்.

மறு ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, இத்தாலியின் மொன்ஸா தடத்தில் பயிற்சியின்போது ரிண்ட்டின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. முன்பக்க பிரேக் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று கருதப்பட்டது. தடுப்பு சரியாகப் பொருத்தப்படாதது உயிரைப் பறித்தது. அந்த ஆண்டின் உலக வெற்றியாளர் விருது, இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது.

சாப்மனை மேதை என்று சொல்பவர்களும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது: எடையைக் குறைப்பதில் எங்கே நிறுத்திக்கொள்வது?

காற்றா, ஸ்பிரிங்கா?

1970களின் இறுதியில் சாப்மனின் குழு காரின் அடிப்பகுதியையே தலைகீழான இறக்கைபோல் வடிவமைத்தது. காற்று காரைத் தரையோடு அழுத்தியது. 1978இல் லோட்டஸ் 79 கார் மற்ற அணிகளைத் திணறடித்தது. மரியோ ஆண்ட்ரெட்டி உலக வெற்றியாளரானார்.

அதில் ஒரு சிக்கல். அந்த அழுத்தத்தைத் தாங்க ஸ்பிரிங்குகள் மிகக் கெட்டியாக இருக்க வேண்டியிருந்தது. மென்மையை விரும்பிய சாப்மனே இப்போது கெட்டியான காரில் மாட்டிக்கொண்டார்.

அவர் கண்ட தீர்வு லோட்டஸ் 88. ஒரே காரில் இரண்டு சேஸி. வெளிச்சேஸி காற்றழுத்தத்தைத் தாங்கும். உள்சேஸி ஓட்டுநரை மென்மையான ஸ்பிரிங்கில் சுமக்கும். 1981இல் அதிகாரிகள் அதைத் தடை செய்தனர்.

அடுத்து, கணினி கட்டுப்படுத்தும் ஆக்டிவ் சஸ்பென்ஷனில் லோட்டஸ் இறங்கியது. 1987இல் அயர்ட்டன் சென்னா மொனாக்கோவில் அந்தத் தொழில்நுட்பத்தோடு வென்றார். அதைப் பார்க்க சாப்மன் இல்லை. 1982 டிசம்பர் 16ஆம் தேதி மாரடைப்பால் அவர் காலமானார். வயது 54.

அவர் பெயரில் ஒரு கறையும் உண்டு. டிலோரியன் காரை உருவாக்கும் பணியை லோட்டஸ் ஏற்றிருந்தது. அதற்கான பெருந்தொகை வேறு வழியில் திருப்பிவிடப்பட்டது பின்னர் வெளிவந்தது. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் 1992இல் சிறை சென்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை விதித்திருப்பேன் என்ற கருத்தை நீதிபதி தெரிவித்தார்.

நம்ம காருக்கு என்ன பாடம்?

சஸ்பென்ஷனை மாற்ற நினைப்பவர்களுக்கு சாப்மனின் கார்கள் சொல்லித் தருபவை:

• முதலில் டயர். தேய்ந்த டயரின் குறையை எந்த ஸ்வே பாரும் சரிசெய்யாது. அடுத்து, தேய்ந்த புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் பாருங்கள். கார் ஆடுவதற்கு அவையே காரணமாக இருக்கலாம்.

• பாரின் விட்டத்தில் சில மில்லிமீட்டரே பெரிய மாற்றம். திடமான கம்பியின் உறுதி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 20 மில்லிமீட்டரிலிருந்து 22க்குப் போனாலே உறுதி சுமார் 46 விழுக்காடு அதிகரிக்கும். 24 என்றால் இரு மடங்குக்கும் மேல்.

• முன், பின் இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். பின்பக்கம் மட்டும் தடித்த பார் போட்டால், காய்ந்த சாலையில் ஜாலியாக இருக்கும். மழையில் பின்பகுதி சட்டென்று வழுக்கலாம். நம்ம ஊர்ல மழைக்குப் பஞ்சமே இல்லை!

• ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது என்ன செய்தது என்று தெரியாது.

• மாற்றுவதற்கு முன், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிமுறைகளையும் மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிமுறைகளையும் சரிபாருங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.

• மலிவான, மெலிந்த பாகங்களில் மிச்சம் பிடிக்காதீர்கள். முக்கியமான பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரிண்ட்டின் விபத்தே சாட்சி.