நோர்மா கில்

நோர்மா கில் (1920 – 1998) ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரைச் சேர்ந்தவர். குடல்துளைப் பராமரிப்பு என்னும் துறையின் முன்னோடியாக இவர் கருதப்படுகிறார். மருத்துவராகவோ செவிலியராகவோ பயிலாத இவர், நோயாளியாக இருந்து பெற்ற பட்டறிவைக் கொண்டே இத்துறைக்கு அடித்தளமிட்டார்.

நோயும் அறுவை மருத்துவமும்

மணமாகிக் குழந்தைகளுக்குத் தாயான நோர்மா, பெருங்குடலின் உட்சுவரில் புண்களை உண்டாக்கும் அழற்சி நோயால் பல ஆண்டுகள் துன்புற்றார். தோலிலும் ஆழமான புண்கள் தோன்றின. 1954 இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் ரூப்பர்ட் டர்ன்புல் என்னும் அறுவை மருத்துவர் இவருக்கு இலியாஸ்டமி அறுவை செய்தார். சிறுகுடலின் இறுதிப் பகுதியை வயிற்றுச் சுவரில் இடப்பட்ட துளை வழியாக வெளியே கொணர்ந்து பொருத்துவதே இம்முறையாகும். கழிவு வெளியேறுவதை நோயாளியால் கட்டுப்படுத்த இயலாது. ஆகவே எப்போதும் ஒரு பையை அணிய வேண்டும். கழிவிலுள்ள செரிமான நொதிகள் தோலை அரித்துவிடும். பை கசிவதும் நாற்றமும் குறித்த அச்சத்தால் அக்காலத்தில் பலர் வீட்டிலேயே முடங்கினர்.

பிற நோயாளிகளுக்கு உதவி

உடல் தேறியபின் நோர்மா, அக்ரன் பகுதி மருத்துவமனைகளில் இதே அறுவைக்கு உள்ளானவர்களைத் தாமாகவே சந்தித்து உதவத் தொடங்கினார். பையைப் பொருத்துவது, தோலைக் காப்பது போன்ற செய்முறைகளை அவர்களுக்குக் கற்பித்தார். நலமாக நடமாடும் ஒருவரை நேரில் காண்பதே நோயாளிகளுக்குப் பெரும் துணிவைத் தந்தது. இதன் பயனை உணர்ந்த டர்ன்புல், 1958 இல் இவரைக் கிளீவ்லாந்து கிளினிக்கில் பணியில் அமர்த்தினார். இந்தியக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பிசினான காரயா கோந்து துளையைச் சுற்றியுள்ள தோலைக் காக்கும் என்பதைக் கண்டறிந்து பயன்படுத்தியவரும் டர்ன்புல்லே ஆவார்.

பயிற்சிப் பள்ளியும் அமைப்புகளும்

1961 இல் இருவரும் இத்துறைக்கான பயிற்சிப் பள்ளியைக் கிளீவ்லாந்தில் தொடங்கினர். தொடக்க கால மாணவர்களில் பலர் தாமே இவ்வறுவை செய்துகொண்டவர்கள். பயின்றவர்களுக்கான சங்கம் 1968 இல் உருவானது. துறை வளர்ந்தபோது, சேர்வோர் பதிவுபெற்ற செவிலியராக இருத்தல் வேண்டும் என்னும் விதி 1970களில் ஏற்பட்டது. இதனால் மருத்துவத் தரம் உயர்ந்தது; எனினும், நோர்மா நுழைந்த வழி அவரைப் போன்ற பிற நோயாளிகளுக்கு அடைபட்டது. அவர்களுடைய பங்களிப்பு தன்னார்வச் சங்கங்கள் வாயிலாகத் தொடர்ந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளியைச் சென்று காண்பது அச்சங்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகும்.

1978 இல் இத்தாலியின் மிலான் நகரில் இத்துறையினரின் உலக அமைப்பு நிறுவப்பட்டபோது, நோர்மா கில் அதன் முதல் தலைவரானார். இவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை, வசதி குறைந்த நாடுகளின் செவிலியர் இத்துறையில் பயிற்சி பெற நிதியுதவி வழங்குகிறது.